வாயுத் துணிக்கைகளைப் புரிந்துகொள்ள ஒரு சிரிஞ்சும் ஒரு துடுப்பும்: முழுமையான வழிகாட்டி

அநேகமான விஞ்ஞானப் பயிற்சிப் புத்தகங்களில் மூன்று பெட்டிகள் கீறியிருக்கும். முதல் பெட்டியில் வட்டங்கள் நெருக்கமாக, இரண்டாவதில் கொஞ்சம் தள்ளி, மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் தள்ளி. கீழே திண்மம், திரவம், வாயு என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் படிக்கிற பிள்ளை, துணிக்கைகள் படிப்படியாக விலகிக்கொண்டே போகின்றன என்று மனதில் பதித்துவிடுகிறது. பிறகு எவ்வளவு பாடமாக்கினாலும் அந்தப் படம் அழியாது. மட்டக்களப்பில் ரியூசன் வகுப்பு எடுக்கத் தொடங்கிய காலத்தில் நானும் கரும்பலகையில் அப்படித்தான் கீறினேன். இப்போது கீறுவதில்லை.

திண்மத்திலும் திரவத்திலும் துணிக்கைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. வாயுவில் மட்டும்தான் பெரிய இடைவெளி. முதல் இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள், வாயு வேறு ஊர்க்காரன். இந்த ஒன்றைக் கையால் தொட்டு உணர்ந்துவிட்டால் அமுக்கம், பரவல், ஆவியாதல், மேற்கே இருந்து அடிக்கிற நம் ஊர்க் கச்சான் காற்று எல்லாம் ஒரே நூலில் கோத்து வரும். பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளும், வீட்டில் அவர்களோடு உட்காருகிற அம்மா அப்பாவும் சேர்ந்து செய்யக்கூடியதாக இதை எழுதுகிறேன்.

வேண்டிய சாமான்கள்: பாமசியில் வாங்கிய, ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச், இரண்டு கண்ணாடிக் கிளாஸ், கொஞ்சம் கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று), ஒரு வெறும் சோடாப் போத்தல், ஒரு பலூன், சைக்கிள் பம். துடுப்புக்குக் கடைசியில் வருவோம்.

ஒரு சொல் விஷயம். இணையத்தில் பார்க்கும் தமிழ்நாட்டுக் காணொளிகளில் துகள், அழுத்தம், பருமன் என்று சொல்வார்கள். நம்முடைய பரீட்சைத் தாளில் அவை துணிக்கை, அமுக்கம், கனவளவு. இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

முதல் படி: சிரிஞ்சை அமுக்குங்கள்

தண்டை 10 வரை இழுத்து, நுனியை விரலால் இறுக்கி மூடி, அமுக்குங்கள். 5 வரை போகும், கொஞ்சம் பலம் போட்டால் 4க்கும் போகும். கையை விட்டால் தண்டு தானாகப் பின்னுக்கு வரும். அடுத்தது, அதே சிரிஞ்சில் தண்ணீர் இழுத்து, அதே மாதிரி மூடி அமுக்குங்கள். விரல்தான் நோகும், தண்டு அசையாது.

வகுப்பில் ஒருமுறை ஒரு பிள்ளை, "சேர், தண்ணியும் அமுங்குது" என்றாள். "எங்க பாப்பம், நுனியை மேல பாக்க நிமித்திப் பிடிங்க புள்ள" என்றேன். நிமிர்த்தியதும் மேலே ஒரு பச்சைப்பயறு அளவில் குமிழி ஒன்று ஏறி வந்து நின்றது. அமுக்கினாள், குமிழி சிறுத்தது. விட்டாள், பெருத்தது. தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் மூன்று நான்கு தரம் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குமிழி நான் சொல்ல நினைத்த முழுப் பாடத்தையும் சொல்லிவிட்டது. நீங்களும் வேண்டுமென்றே ஒரு சிறிய குமிழியை உள்ளே விட்டுச் செய்து பாருங்கள். ஒரே குழாயில், ஒரே அமுக்கத்தில், வாயு ஒடுங்குகிறது, திரவம் ஒடுங்கவில்லை என்பது பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

தண்ணீர் கொஞ்சமும் ஒடுங்காதா? ஒடுங்கும், ஆனால் கை உணராது. கடலுக்கு அடியில் 1000 மீற்றர் ஆழத்தில், வளிமண்டல அமுக்கத்தின் நூறு மடங்கு மேலதிகமாக அமுக்கும் இடத்தில்கூட, நீரின் கனவளவு அரைச் சதவீதமளவுதான் குறையும்.

இப்போது கணக்கு. சாதாரண அறையில் 10 மில்லிலீற்றர் காற்றில் ஏறத்தாழ 25க்குப் பின்னால் 19 பூச்சியம் போட்ட அளவு மூலக்கூறுகள், அதாவது காற்றின் துணிக்கைகள், இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் அவை எல்லாவற்றின் சொந்தக் கனவளவையும் சேர்த்தால், சிரிஞ்சின் கொள்ளளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதாவது ஒரு சொட்டுத் தண்ணீரின் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சம் எல்லாம் வெறும் இடம். நீங்கள் அமுக்கியது துணிக்கைகளை அல்ல, அந்த வெறும் இடத்தைத்தான்.

இந்த இடத்தில் பிள்ளைகளிடம் கட்டாயம் ஒரு கேள்வி கேளுங்கள்: காற்றின் துணிக்கைகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது? அநேகமான பிள்ளைகள் "காற்று" என்பார்கள். சிலர் "தூசி" என்பார்கள். துணிக்கைகள்தானே காற்று, பிறகு நடுவில் எப்படிக் காற்று வரும்? நடுவில் ஒன்றுமே இல்லை, வெற்றிடம். இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள மனதுக்குக் கஷ்டம், பெரியவர்களுக்கும்தான். அவசரப்படுத்தாமல் பிள்ளைகளை இதில் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். இது விளங்காமல் அடுத்த படிக்குப் போவதில் பிரயோசனம் இல்லை.

தண்டை 10இலிருந்து 5க்குக் கொண்டுபோனால் உள்ளே அமுக்கம் இரண்டு மடங்காகும், வெப்பநிலை மாறாமல் இருந்தால். 1662இல் றொபேட் பொயில் வெளியிட்ட விதி இது. காரணம் எளிது. அதே எண்ணிக்கைத் துணிக்கைகள் பாதி இடத்தில் ஓடுகின்றன, ஆகவே சுவரின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் இரண்டு மடங்கு தடவை மோதுகின்றன. வாயுவின் அமுக்கம் என்பது இந்த மோதல்களின் கூட்டுத்தொகைதான்.

வெறும் இடம்தான் பெரும்பங்கு என்பதற்காகக் காற்றுக்குப் பாரமே இல்லை என்று எண்ண வேண்டாம். 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமான வகுப்பறைக்குள் இருக்கும் காற்று 200 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களிடம் கேளுங்கள், காற்றுக்குத் திணிவு உண்டென்று அவர்களுக்கு யாரும் நிரூபிக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: அசைவைப் பாருங்கள்

ஒரு கிளாஸில் குளிர்ந்த நீர், மற்றதில் சுடுநீர். இரண்டையும் அசையாத மேசையில் வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கொண்டிஸ் மணியைப் போடுங்கள். கலக்கக் கூடாது. ஊதா நூல் ஒன்று கீழே இறங்கும், பிறகு அடியிலிருந்து நிறம் ஊரும். சுடுநீரில் கெதியாக, குளிர்நீரில் மெல்ல. குளிர்நீர்க் கிளாஸை ராத்திரி முழுவதும் மூடி வைத்துக் காலையில் பாருங்கள்.

திரவத்தில் துணிக்கைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுகிக்கொண்டு இடம் மாறுகின்றன. தொடுகை விடுவதில்லை, அயலவர் மட்டும் மாறுகிறார்கள். திண்மத்தில் அதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்று அதிரும், அவ்வளவுதான்.

வாயுவுக்கு வருவோம். மூலையில் சாம்பிராணி கொளுத்தினால் கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் மணக்கும். 30 பாகை செல்சியஸில் காற்றிலுள்ள ஒரு நைதரசன் மூலக்கூறின் சராசரி வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 480 மீற்றர். வாசனைத் துணிக்கை அதைவிடப் பாரமானது, ஆகவே கொஞ்சம் மெதுவானது, என்றாலும் செக்கனுக்கு நூறு மீற்றருக்கு மேல். அப்படியானால் கண் மூடித் திறப்பதற்குள் மணம் அறையைக் கடந்திருக்க வேண்டுமே, ஏன் நேரம் எடுக்கிறது?

இது சின்னப் பிள்ளைக் கேள்வி இல்லை. 1858இல் டச்சு விஞ்ஞானி பைஸ் பலோற் இதே கேள்வியைக் கேட்டுத்தான் வாயு பற்றிய கொள்கையையே மறுத்தார். அதே வருடம் ஜேர்மனியின் கிளவுசியஸ் பதில் சொன்னார்: துணிக்கை வேகமாக ஓடினாலும் நேராக ஓட முடிவதில்லை, வழியெல்லாம் மற்றத் துணிக்கைகளில் மோதித் திசை மாறுகிறது. இன்றைய கணக்குப்படி காற்றில் ஒரு மூலக்கூறு ஒரு செக்கனில் ஏறத்தாழ 700 கோடி தடவை மோதுகிறது.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் குளத்தடியில் ஒரு சின்னப் பையன் கும்பலுக்குள் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். கால் வேகம் குறையவில்லை. ஆனால் இடமும் வலமும் முட்டுப்பட்டு, ஐந்து நிமிடம் ஓடியும் பத்து யார் தூரம்தான் தாண்டியிருப்பான். உவமையில் ஒரு குறை உண்டு, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாமாங்கத்தில் ஆட்கள் தோளோடு தோள் நிற்பார்கள், அது உண்மையில் திரவத்தைப் போன்றது. வாயுத் துணிக்கையோ ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் தன் விட்டத்தைப் போல 180 மடங்கு தூரம் தனியே ஓடுகிறது. அவ்வளவு வெளிக்குள் ஓடியும் மோதல் தவிர்க்க முடியாததாக இருக்கிறது, அதுதான் அதிசயம். இன்னொன்று, வீட்டில் மணம் பரவுவதில் பெரும்பங்கு காற்றோட்டத்துக்கு. துணிக்கைகள் தாமாகவே மோதி மோதிப் பரவும் பரவல் மட்டும் என்றால் இன்னும் நேரம் எடுத்திருக்கும்.

தகரக் கூரையின் ஓட்டைவழி விழும் வெயிலில் தூசி ஆடுவதைக் காட்டி "இதுதான் துணிக்கை அசைவு" என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதுவும் காற்றோட்டம்தான். உண்மையான துணிக்கை மோதலால் வரும் நடுக்கத்தை 1827இல் றொபேட் பிறவுண் நுணுக்குக்காட்டியில், நீரில் மிதந்த நுண்மணிகளில் கவனித்தார். அதற்கான கணித விளக்கத்தை 1905இல் அயின்ஸ்ரைன் கொடுத்தார்.

மூன்றாம் படி: சூடாக்குங்கள், பிறகு கச்சானுக்கு வாருங்கள்

சோடாப் போத்தலின் வாயில் பலூனை மாட்டிச் சுடுநீர்ச் சருவத்துக்குள் இறக்குங்கள். பலூன் எழும்பும். பச்சைத்தண்ணீருக்குள் இறக்கினால் தொங்கிவிடும். "சூட்டில் துணிக்கை பெருக்கிறது" என்று எழுதினால் புள்ளி போகும். துணிக்கையின் பருமன் மாறவே இல்லை. அது வேகமாக ஓடுகிறது, பலமாக மோதுகிறது, பலூனைத் தள்ளி இடைவெளியைக் கூட்டிக்கொள்கிறது.

சைக்கிள் பம்மை எடுங்கள். ரியூபுக்குப் பத்து இருபது தரம் வேகமாகக் காற்று அடித்துவிட்டு, பம்மின் அடிப்பகுதியைத் தொடுங்கள். சுடும். உராய்வு என்று எல்லாரும் சொல்வார்கள். உராய்வு கொஞ்சம் உண்டு, ஆனால் முக்கிய காரணம் வேறு. எதிரே வேகமாக வரும் துடுப்பாட்ட மட்டையில் பட்ட பந்து வந்ததைவிட வேகமாகத் திரும்பும் அல்லவா? உள்ளே இறங்கும் தண்டில் மோதும் ஒவ்வொரு வாயுத் துணிக்கையும் அப்படித்தான் கூடிய வேகத்தோடு திரும்புகிறது. துணிக்கைகளின் சராசரி வேகம் கூடினால் அதற்குப் பெயர் வெப்பநிலை கூடியது. ஆகவே வாயுவைச் சட்டென்று அமுக்கினால் சூடாகும், சட்டென்று விரிய விட்டால் குளிரும்.

நம் ஊரில் இது தினமும் உடம்பில் படுகிற விஷயம். யூன், யூலை மாதங்களில் மத்தியானத்தில் மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்றைச் சொல்கிறேன். உதடு வெடிக்கும், கொடியில் போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். சில நாட்களில் கடற்காற்றையே உள்ளே வர விடாது. அது எங்கிருந்து சூட்டைக் கொண்டுவருகிறது? தென்மேல் பருவக்காற்று ஈரத்தோடு மலைநாட்டில் மேற்குப் பக்கமாக ஏறுகிறது. ஏற ஏற வெளியமுக்கம் குறைவதால் விரிந்து குளிர்கிறது. நீராவி ஒடுங்கி, அதாவது திரவ நீராக மாறி, மழையாகக் கொட்டுகிறது. ஒடுங்கும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுகிறது. பிறகு, ஈரம் இழந்த அந்தக் காற்று கிழக்குப் பக்கம் நம்மை நோக்கிச் சரிகிறது. இறங்க இறங்க மேலுள்ள காற்று அதை அமுக்குகிறது, பம்முக்குள் நடந்த அதே வேலை. உலர்ந்த காற்று ஒவ்வொரு 100 மீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் சூடாகும். ஒரு மலைத்தொடர் அளவு பெரிய சைக்கிள் பம் நம் முதுகுக்குப் பின்னால் அடித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கச்சான் காலத்தில் மண்பானைத் தண்ணீர் மட்டும் சில்லென்று இருப்பதும் இதே கணக்குத்தான். பானையின் நுண்துளைவழி கசிந்த நீரில் எல்லாத் துணிக்கைக்கும் ஒரே வேகம் இல்லை. வேகமானவை அயலவரின் இழுப்பை அறுத்துக்கொண்டு வாயுவாகப் போய்விடும். மெதுவானவை மிஞ்சும், மிஞ்சியதின் சராசரி வேகம் குறையும், நீர் குளிரும். கச்சானில் ஈரம் குறைவு, ஆகவே போனவை திரும்பி வருவது அரிது. மாரியில் காற்று ஏற்கனவே நீராவி நிறைந்திருப்பதால் போகிற அளவுக்குக் கிட்டத் திரும்பியும் வரும். உடுப்பும் காயாது, பானையும் குளிராது.

நான்காம் படி: குசினியில் நிலைமாற்றம்

பிட்டுப் பானை கொதிக்கும்போது பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை வைக்கமுன் பானை வாயைக் கவனியுங்கள், கையைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். பானை வாயை ஒட்டி ஒரு சிறு உயரத்துக்கு ஒன்றுமே தெரியாது. அதற்கு மேல்தான் வெள்ளைப் புகை. நீராவி என்பது கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி. வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து ஒடுங்கிய நீர்த்துளிகள், அதாவது திரும்பவும் திரவம்.

100 பாகையில் ஒரு லீற்றர் நீர் முழுதும் ஆவியானால் அது ஏறத்தாழ 1700 லீற்றர் இடம் பிடிக்கும். ஐஸ் உருகி நீராகும்போதோ கனவளவு கூடுவதே இல்லை, மாறாகக் கொஞ்சம் குறைகிறது. அதனால்தான் மீன் பெட்டியில் ஐஸ் மிதக்கிறது. மூன்று நிலைகளும் சமதூரப் படிகள் இல்லை என்று நான் தொடக்கத்தில் சொன்னதை இந்த இரண்டு மாற்றங்களும் காட்டிவிடும்.

துணிக்கைகள் ஒன்றையொன்று இழுக்கும் இழுப்பை அறுக்கச் சக்தி வேண்டும். ஒரு கிராம் நீரை 100 பாகையில் ஆவியாக்க 2260 யூல் செலவாகும். அந்த ஆவி கையில் பட்டு நீராகும்போது அவ்வளவையும் தோலில் இறக்கிவிடும். கொதிநீர் சுட்டதைவிட ஆவி சுட்ட காயம் கடுமையாக இருப்பது இதனால்.

காஸ் சிலிண்டரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், இது உயிர் விஷயம். குலுக்கினால் உள்ளே திரவம் ஆடுவது கேட்கும். புரொப்பேனும் பியூற்றேனும் அமுக்கத்தில் திரவமாக இருக்கின்றன. புரொப்பேனின் கொதிநிலை மறை 42 பாகை, பியூற்றேனுக்கு மறை 0.5. நம் சூட்டில் இரண்டும் வாயுவாகத் துடித்துக்கொண்டிருக்கும், அமுக்கம்தான் தடுத்து வைத்திருக்கிறது. திரவம் ஒரு லீற்றர் கசிந்தால் ஏறத்தாழ 250 லீற்றர் வாயு. அந்தத் துணிக்கைகள் காற்றின் மூலக்கூறுகளைவிடப் பாரமானவை, ஆகவே நிலத்தோடு ஊர்ந்து தாழ்வான மூலையில் தேங்கும். மணம் வந்தால் மின்விசிறி, லைற் சுவிச் எதையும் தொடாமல், ரெகுலேற்றரை மூடி, வாசல்கதவைத் திறந்துவிடுங்கள். மேல் ஜன்னலை மட்டும் திறப்பது போதாது.

ஐந்தாம் படி: படத்தைச் சரியாகக் கீறுங்கள்

திண்மத்துக்கு வட்டங்களை வரிசையாக, ஒன்றையொன்று தொடும்படி. திரவத்துக்கு வரிசை குலைந்து, ஆனால் தொடும்படி, பாத்திரத்தின் அடியில். வாயுவுக்கு அதே அளவு வட்டங்கள், பெட்டி முழுவதும் சிதறி. ஒரு சென்ரிமீற்றர் விட்டத்தில் வட்டம் கீறினால் அடுத்தது ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் தள்ளி வர வேண்டும். கொப்பியின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு வட்டம்தான் கொள்ளும். பரீட்சையில் அவ்வளவு இடம் கிடைக்காது, சிறிய வட்டமாகக் கீறுங்கள். வீட்டில் ஒருமுறையாவது முழுப் பக்கத்தில் கீறிச் சுவரில் ஒட்டுங்கள்.

கடைசிப் படி: துடுப்பு

வாவிக்குள்ளிருந்து வரும் ஒலியை மீன் பாடுவதாகச் சொல்லும் பாடும் மீன் கதை மட்டக்களப்பில் எல்லாருக்கும் தெரியும். நிலவு எறிக்கும் அமைதியான ராத்திரியில், 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைப்பார்கள். சும்மா இருந்தால் கேட்காத ஒலி துடுப்புவழி கேட்கும். ஏன் துடுப்பு?

ஒலி என்பது துணிக்கை துணிக்கையாகக் கைமாறும் தள்ளல். வாயுவில் ஒரு துணிக்கை ஓடிப்போய் அடுத்ததில் மோதினால்தான் செய்தி போகும். ஆகவே ஒலியால் துணிக்கையின் வேகத்தைத் தாண்ட முடியாது. நம் வெப்பநிலையில் துணிக்கைக்கு 480, ஒலிக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர். நீரில் அயலவர் தொட்டபடி நிற்பதால் தள்ளியவுடன் தள்ளல் கடக்கும், ஏறத்தாழ 1500 மீற்றர். மரத்தில் நார் நீளத்துக்கு 3000க்கு மேல்.

வேகத்தைவிட முக்கியமானது கைமாறுகிற இடம். நீரின் நெருக்கமான துணிக்கைகள் மேலே இருக்கிற ஐதான காற்றைத் தள்ளப் பார்த்தால் பிடி கிடைப்பதில்லை. ஒலிச் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்கு ஏறும், மிச்சம் வாவிக்குள்ளேயே திரும்பிவிடும். மரத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நீர் மரத்தைத் தொடுகிறது, மரம் காதடி எலும்பைத் தொடுகிறது, நடுவில் இடைவெளி எங்கும் இல்லை.

வாவிக்குப் போக வசதி இல்லாவிட்டால் ஒரு வாளி நீர் போதும். நீருக்குள் இரண்டு கல்லைப் பிடித்து மெல்ல உரசச் சொல்லிவிட்டு, முதலில் வெறும் காதால் கேளுங்கள். பிறகு அகப்பைக் காம்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு, மறு நுனியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திப் பிடித்துக் கேளுங்கள்.